இமை மூட ஓர் ஆள்

பண்ணைப் பேருந்தில் எர்மெலிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செனாய்தா, தன் மருமகன் குடித்துவிட்டு வந்து கோழிக்கூண்டுக்குள் படுத்துத் தூங்கிய கதையை முழுக்கச் சொல்லி முடித்தாள். கதை நல்ல கதை. முன் இருக்கைக்காரிகள் திரும்பி உட்கார்ந்து சிரித்தார்கள். ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். எர்மெலிந்தா மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"ஏன்டி மெலி, நான் தொண்டை கிழியச் சொல்றேன், நீ பாட்டுக்கு மலையைப் பாத்துக்கிட்டிருக்கே?"

செனாய்தா எட்டி முகத்தைப் பார்த்தாள். கண்கள் இரண்டும் பாதி திறந்திருந்தன. கருவிழி மேலேறிப் போயிருந்தது. கீழே வெள்ளை மட்டும் ஒரு கீற்று. மூக்கிலிருந்து மெல்லிய குறட்டை வந்தது. செனாய்தா அவசரமாக நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாடி! இவ தூங்குறா!"

எர்மெலிந்தா அப்போது மலைமேல் இருந்தாள். காயம்பே மலையின் பனியில் கோழிகள் வரிசையாக உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தன. ஒரு கோழி செனாய்தாவின் மருமகனுடைய தொப்பியைப் போட்டிருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்கள் விடியல் வெளிச்சத்தில் ஏரி போல மின்னின. அந்த வெளிச்சம் கனவுக்குரியதா, பேருந்து ஜன்னலுக்குரியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச காலமாகவே எந்தக் கனவிலும் அவளுக்கு இருட்டு வருவதில்லை. செனாய்தா தோளைப் பிடித்து உலுக்கியபோது கோழிகள் பறந்துபோயின. கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல எரிந்தது.

"எஞ்சினியர் பாத்தா விடமாட்டாரு" என்றாள் முன் இருக்கைக்காரி ஒருத்தி. "தூங்கும்போதும் கண்ணு திறந்திருக்கிற ஆளு வேற எந்தப் பண்ணையில கெடைக்கும்? உனக்கு ராத்திரி வேலையும் சேத்துப் போட்டுடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எர்மெலிந்தாவும் சிரித்தாள். அவள் வாய் முன்போல அகலமாகத் திறப்பதில்லை. அதனால் சிரிப்பு பாதியில் நின்றது.

ஜனவரி மாதம். பிப்ரவரியில் காதலர் தினம். உலகத்தில் யாரோ யாருக்கோ கொடுக்கப்போகும் ரோஜாக்கள் எல்லாம் இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் மொட்டாக நின்றன. எர்மெலிந்தாவுக்குத் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. ஒவ்வொரு பூவாக எடுத்து, மொட்டின் தலையைப் பார்த்து, காம்பைக் கோடு போட்ட பலகையில் வைத்து நீளம் பார்த்து, இலையில் பொட்டு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, தட்டில் போடவேண்டும். கண் ஒரு பூவில் நிற்கும் நேரம் ஒரு மூச்சுக்கும் குறைவு. பதினேழு வயதிலிருந்து இதே வேலை. முன்பெல்லாம் கையும் கண்ணும் தாமாகவே ஓடின. இப்போது கை ஓடவில்லை. விரல்கள் மெழுகுபோலப் பளபளத்து, பாதி மடிந்தபடியே நின்றுவிட்டன. குளிரறைக் கதவு திறந்தாலே வெள்ளையாகி, பிறகு நீலமாகி, பிறகு தீப்பட்டதுபோல வலிக்கும். கட்டுப் போடுகிற வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். பார்க்கிற வேலையில் மட்டும் வைத்திருந்தார்கள். கை போனாலும் அவள் கண்ணுக்கு இணை இல்லை என்று பண்ணையை நடத்தும் எஞ்சினியரே சொல்லியிருந்தார்.

ஊரில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. மலை பிடித்துவிட்டது என்பார்கள். கருவுற்றிருக்கும்போது மலைப்பக்கம் தனியாகப் போனாளாம், மலை பார்த்துவிட்டதாம், அது தன்னைப்போலவே அவளையும் கல்லாக்கிக்கொண்டிருக்கிறதாம். தலைநகர் கித்தோவின் ஆஸ்பத்திரியில் வேறு பெயர் சொன்னார்கள். ஸ்க்லெரோசிஸ். தோல் இறுகும், உள்ளே இருக்கிற உறுப்புகளும் இறுகும் என்றார்கள். எர்மெலிந்தாவுக்கு இரண்டு பெயர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது கணவன் அபெலார்தோ முற்றத்தில் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தான். விடியுமுன் வண்டியோடு மேட்டுக் கிராமங்களுக்குப் போய், வீடு வீடாகப் பால் எடுத்து, தொழிற்சாலையில் ஊற்றிவிட்டு வருவது அவன் தொழில். எர்மெலிந்தா சால்வையை அவிழ்க்காமல் அவன் எதிரே நின்றாள்.

"நான் கண்ணைத் திறந்துக்கிட்டுத் தூங்குறேனாமே."

"யாரு சொன்னா?"

"பஸ்ஸே சொல்லுது. உனக்குத் தெரியுமா?"

அபெலார்தோ ஒரு கேனைக் கவிழ்த்து வைத்தான். "கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம்னா?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"அப்ப அதனாலதான் அடுப்படிக்குப் படுக்கையைத் தூக்கிட்டுப் போனியா? என் குறட்டை தாங்கலன்னு சொன்னே."

"குறட்டையும்தான்."

"பயமா உனக்கு?"

"சீக்கிரம் எந்திரிக்கணும், உன்னை எழுப்ப வேண்டாமேன்னு..."

"அடுப்படியில கறிக்கு வளக்கிற கினிப்பன்றிங்க இருக்கு. அதுங்களும் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் தூங்குது. அதுங்களோட படுத்துக்கிறே, என்னோட படுக்கமாட்டேங்கிறே."

அபெலார்தோ சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அதுங்க என்னைப் பாக்கறதில்ல மெலி" என்றான்.

கித்தோவில் கண் மருத்துவர் சின்ன வயதுப் பெண். எர்மெலிந்தாவின் கீழ் இமைகளில் இரண்டு காகிதக் கீற்றுகளைத் தொங்கவிட்டு, சற்று நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு எடுத்துப் பார்த்தார். காகிதம் நனையவே இல்லை.

"எப்ப கடைசியா அழுதீங்க?"

எர்மெலிந்தா யோசித்தாள். "அழுகை வருது டாக்டரம்மா. தண்ணிதான் வரமாட்டேங்குது."

மருத்துவர் மேல் இமையை விரலால் புரட்டிப் பார்க்க முயன்றார். அது புரளவில்லை. இன்னொரு முறை முயன்று விட்டுவிட்டார். அதற்குப்பின் விளக்குப் பொருத்திய கருவிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"விரல் தோல் இறுகிச்சு இல்லையா? வாய் சின்னதாச்சு இல்லையா? இமையும் தோல்தானே. அதுவும் இறுகி மேலே ஏறிக்கிச்சு. நீங்க மூடினதா நினைக்கிறீங்க, ஆனா மூடல. ராத்திரி முழுக்கக் கண்ணு காத்துல காயுது. ஏற்கெனவே கண்ணீர் இல்லாத கண்ணு. இடது கண்ணுல ஒரு புண் வந்திருக்கு. இன்னும் ஆழமாகல."

"ஆழமானா?"

"கருவிழியில ஓட்டை விழும். அப்புறம் பார்வை திரும்பாது."

கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற அபெலார்தோ காலை மாற்றி நின்றான். மருத்துவர் அவன் பக்கம் திரும்பினார்.

"இது உங்க வேலை. பகல்ல சொட்டு மருந்து விடணும், அவங்க விரலால அந்தக் குப்பியை அழுத்த முடியாது. படுக்கும்போது இந்தக் களிம்பைப் போட்டு, மேல் இமையை மெதுவா கீழே இறக்கி, புடிச்சுக்கிட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டணும். தினமும். பகல்ல கண்ணு அசந்தாலும் ஒட்டணும். புண்ணு ஆறலேன்னா இமையோட ஓரத்தைத் தைக்க வேண்டியிருக்கும். தைச்சா பார்க்கிற பரப்பு பாதியாயிடும்."

"ஓரத்தைத் தைச்சா பூ பாக்க முடியாது" என்றாள் எர்மெலிந்தா.

"அதனாலதான் சொல்றேன். வாங்க ஐயா, கையைக் கழுவிட்டு வாங்க. செஞ்சு காட்டுறேன்."

அபெலார்தோ கையைக் கழுவினான். சோப்புப் போட்டு, முழங்கை வரை, கேன் கழுவுகிற மாதிரி நெடுநேரம் கழுவினான். அதற்குள் எர்மெலிந்தா படுக்கையில் படுத்திருந்தாள். மருத்துவர் வலது இமையை இறக்கிப் பிளாஸ்திரி ஒட்டினார். அபெலார்தோ அந்த முகத்தைப் பார்த்தான். ஒரு கண் மூடி, ஒரு கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டியை ரோட்டுல நிறுத்திட்டு வந்தேன், போலீஸ்காரன் புடிச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

மருத்துவர் எர்மெலிந்தாவைப் பார்த்தார். "பஸ்ஸுல வந்தோம்னுதானே சொன்னீங்க?"

"பஸ்ஸுலதான் வந்தோம்" என்றாள் அவள்.

திரும்பும் வழியில் அபெலார்தோ ஒரு பொட்டலம் பிஸ்கோச்சோ ரொட்டி வாங்கிக் கொடுத்தான். எர்மெலிந்தா அதைத் துளித்துளியாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். விழுங்குவதற்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. மேட்டுச் சாலையில் பேருந்து ஏறும்போதுதான் அவன் பேசினான்.

"வேற என்ன வேணும்னாலும் சொல்லு. சமைக்கச் சொல்லு. துவைக்கச் சொல்லு. சொட்டு மருந்துகூட விட்டுடறேன். இதைச் சொல்லாதே."

"இமையை இறக்கினா போதும். டாக்டரம்மா ஒரு நிமிஷத்துல செஞ்சாங்க."

"டாக்டருக்கு நம்ம ஊரு தெரியாது. உயிரோட இருக்கிற ஆளு கண்ணை யாராவது கையால மூடுவாங்களா மெலி?"

அவர்கள் ஊரான புக்யுபம்பாவில் ஒருவர் இறந்தால், வீட்டில் மிக நெருங்கியவர் கட்டைவிரலால் இமைகளை மூடவேண்டும். மனைவிக்குக் கணவன், தகப்பனுக்கு மகன். மூட மறுக்கிற கண் துணைக்கு ஆள் தேடுகிறது என்பார்கள். அபெலார்தோவின் அப்பா மேட்டுப் புல்வெளியில் காணாமல்போன ஆட்டைத் தேடிப் போய் உறைபனியில் கிடந்தார். எடுத்து வந்தபோது இமைகள் விறைத்திருந்தன. அப்போது பையனாக இருந்த அபெலார்தோ கட்டைவிரலை வைத்து எவ்வளவு இழுத்தும் இறங்கவில்லை. அந்த வருடமே அண்ணனும் போய்விட்டான். எர்மெலிந்தாவுக்கு இதெல்லாம் தெரியும். அவளும் அதே ஊர்க்காரிதான். அதை அவள் நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குக் கண் எரிந்தது.

"உங்க அப்பா செத்துப் போயிருந்தாரு. நான் சாகலயே."

"அதனாலதான் சொல்றேன். நீ சாகலயே."

ஜன்னலுக்கு வெளியே வெயில் மறைந்து மஞ்சள் மூட்டம் இறங்கியது. எர்மெலிந்தா கண்ணை மூடினாள், அல்லது மூடியதாக நினைத்தாள். மூட்டம் இமைக்குள் நுழைந்து வந்து அவள் மடியில் உட்கார்ந்தது. அதற்குச் செம்மறியாட்டின் முகம் இருந்தது.

அடுத்த வீட்டில் அபெலார்தோவின் அக்கா தர்ஹேலியா இருந்தாள். எர்மெலிந்தாவின் ஒரே மகளுக்கு, இப்போது கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளுக்கு, ஞானஸ்நானத் தாயாக நின்றவள். அந்த நாளிலிருந்து நாத்தனார் என்ற உறவு போய், இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். ஊரில் சாவு விழுந்தால் குளிப்பாட்டி உடுத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தக்காரர்கள் கைக்கு அடங்காத கண்ணையும் அவள் மூடிவிடுவாள். வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தி, இமையை மெல்ல மெல்லத் தளர்த்தி இறக்குவாள். அப்பா இறந்தபோது அவளுக்கு இது தெரியாது. அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டாள்.

எர்மெலிந்தா வேலியோரம் நின்று விஷயத்தைச் சொன்னாள். தர்ஹேலியா அவித்த மொச்சையை உரித்துத் தின்றுகொண்டே கேட்டாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா என் தம்பி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு அலையறான்? நான் எத்தனை பேரு கண்ணை மூடியிருக்கேன், ஒருத்தராவது குறை சொல்லியிருப்பாங்களா?"

"எப்படிச் சொல்லுவாங்க கொமாத்ரே?"

"அதானே சொல்றேன்! உனக்குக் குறைன்னா நீ வாயைத் திறந்து சொல்லலாம். இது எனக்குச் சுலபம்."

சூரியன் இறங்குமுன் வந்துவிட்டாள். கையில் வெந்நீர்க் கிண்ணம், வெள்ளைத் துணி. எர்மெலிந்தா கட்டிலில் படுத்தாள். முற்றத்தில் அபெலார்தோ கேன் கழுவும் சத்தம் கேட்டது. தர்ஹேலியா களிம்பைப் போட்டு, சூடான துணியை இமைமேல் வைத்து, பாரமான கையால் பொறுமையாக ஒத்தினாள். எர்மெலிந்தாவுக்கு முதுகெலும்பு வரை சுகமாக இருந்தது. இறுகிக் கிடந்த தோலில் எங்கேயோ ஓர் இழை விடுபட்டது. இடது கண்ணில் இருட்டு இறங்கியது. எவ்வளவு காலமாயிற்று. தண்ணீர் ஊறும் பள்ளத்தில் காலை விட்டதுபோலக் குளிர்ச்சியான, நல்ல இருட்டு. வலது கண்ணிலும் இறங்கியது. இரண்டின்மேலும் பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. கட்டைவிரல் ஒரு கணம் இமைமேல் நின்றது.

"எர்மெலிந்தா" என்றாள் தர்ஹேலியா. குரல் அவளுடைய வழக்கமான குரலாக இல்லை.

எர்மெலிந்தா எங்கோ போய்க்கொண்டிருந்தாள். கட்டில் தண்ணீரில் மிதப்பதுபோல லேசாகத் திரும்பியது.

"எர்மெலிந்தா."

பாதங்கள் எடையிழந்தன.

"எர்மெலிந்தா. நாங்க இங்கேயே இருக்கோம். நீ போயிட்டு வராதே. திரும்பிப் பாக்காதே. யாரையும் கூப்பிடா..."

முற்றத்தில் கேன் ஒன்று கல்லில் உருண்டு விழுந்தது. அபெலார்தோ ஈரக் கையோடு உள்ளே பாய்ந்து வந்தான். அக்காவைத் தள்ளிவிட்டு, மனைவியின் முகத்திலிருந்த பிளாஸ்திரிகளைப் பிய்த்தான். இமைத் தோலும் சேர்ந்து வந்தது. எர்மெலிந்தா அலறினாள்.

"என் பொண்டாட்டிய அனுப்பி வெக்கிறியா நீ?"

"ஐயோ மாதாவே" என்று தர்ஹேலியா வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் வேணும்னா சொன்னேன்? கை அந்த வேலையைச் செஞ்சா வாயும் செத்தவங்களுக்குச் சொல்றதைத்தான் சொல்லுது. வேற ஒண்ணும் தெரியாதுடா எனக்கு!"

"வீட்டுக்குப் போ."

"நீ செய்யலேன்னுதானே நான் வந்தேன்? ஆம்பளையா லட்சணமா நீ செஞ்சிருந்தா நான் எதுக்கு வரேன்?"

"போன்னா போ!"

தர்ஹேலியா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று, "மூணு தடவை கூப்பிட்டாத்தான் பலிக்கும். ரெண்டாவது தடவை நான் சரியாவே சொல்லல" என்றாள். அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. மறுநாளிலிருந்து அவள் வேலிக்கு மேலாக வாற்கோதுமைக் கஞ்சிப் பாத்திரத்தை நீட்டிவிட்டுப் போனாளே தவிர, வீட்டுக்குள் வரவில்லை.

இனி யாரையும் கேட்பதில்லை என்று எர்மெலிந்தா முடிவு செய்தாள். படுக்கும்போது அவளே களிம்பை எப்படியோ அப்பிக்கொண்டாள். பாதி கன்னத்தில் போனது. பிளாஸ்திரி சுருளைப் பிரிக்க அவள் விரலுக்கு வரவில்லை. பல்லால் கடித்தாள், சுருண்டு ஒட்டிக்கொண்டது. கடைசியில் கம்பளிச் சால்வையை மடித்துக் கண்களைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டாள். மூடியது போலவே இருந்தது. வெளிச்சம் வரவில்லை. தனக்கு இது முன்பே தோன்றவில்லையே என்று மகிழ்ந்தாள்.

அவளுக்குத் தெரியாதது, சால்வைக்கு அடியில் இமைகள் திறந்தே இருந்தன என்பதுதான். அவள் புரளும்போதெல்லாம் கம்பளி அந்த வறண்ட விழிகளின்மேல் உராய்ந்தது. அந்த நாட்களில் அவள் கனவெல்லாம் செம்மறியாடுகளாக இருந்தன. கூட்டமாக வந்து அவள் முகத்தோடு முகம் தேய்த்தன.

பண்ணையில் அப்போது மூச்சுவிட நேரமில்லை. பூ மலை மலையாக வந்து விழுந்தது. கூடாரங்களில் பூஞ்சைக்குப் போடும் கந்தகப் புகை ஆட்களின் சட்டையோடு கொட்டகைக்கு வந்தது. ஒரு நாள் எர்மெலிந்தாவின் தட்டிலிருந்து போன கட்டுகளை எஞ்சினியர் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"மெலி, இதைப் பாருங்க. நீளமும் குட்டையும் கலந்திருக்கு. இதோ, இலையில சாம்பல் பூத்திருக்கு. இதை நீங்கதான் அனுப்பினீங்களா?"

எர்மெலிந்தா பார்த்தாள். இடது கண்ணுக்கு அந்தக் கட்டு, நீராவி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிவப்பாகத் தெரிந்தது. அழகாகக்கூட இருந்தது. வலது கண்ணால் பார்த்தபோது சாம்பல் தெரிந்தது.

"நான்தான்" என்றாள்.

"சீசன் முடியட்டும், வேற இடம் பாக்கலாம்" என்றார் அவர். பண்ணையில் அவளுக்கு வேறு இடம் எது என்று இருவருக்குமே தெரியவில்லை. பக்கத்து மேசையில் செனாய்தா தலையைக் குனிந்துகொண்டு பூவை எண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணை இல்லை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் மழையில் வீடு ஒரு பெரிய பறைக்குள் இருப்பதுபோல இருந்தது. அபெலார்தோ பால் ஊற்றிவிட்டு நனைந்து வந்தபோது எர்மெலிந்தா கட்டிலின் விளிம்பில் இடது கண்ணைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். கையை விலக்கச் சொல்லிப் பார்த்தான். வெள்ளை முழுக்கச் சிவந்து, கருவிழியின் நடுவே பழைய பால் ஏடு மாதிரி ஒரு பொட்டு.

"எப்பலேருந்து?"

"வெள்ளிக்கிழமையிலேருந்து குத்துது."

"என்கிட்ட சொல்லலயே."

"சொன்னா என்ன செய்வே?"

அபெலார்தோ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கட்டிலில் கிடந்த சால்வையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். முரட்டுக் கம்பளி. அதைக் கட்டிக்கொண்டு அவள் படுப்பதை அடுப்படியிலிருந்து தினமும் பார்த்திருக்கிறான். அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்தக் கண்கள் தெரியாமல் இருந்தனவே.

"நாளைக்குக் காலையில கித்தோவுக்குப் போவோம்" என்றான். "பாலை அந்த இன்னொரு வண்டிக்காரன் கொன்சலோ எடுக்கட்டும்."

"போவோம். தைச்சு விடுவாங்க. இல்லேன்னா போயிடுச்சுன்னு சொல்லுவாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "ஒண்ணு சொல்றேன் கேளு. கண்ணு போனாலும் இந்த இமை இறங்காது. அப்பவும் திறந்துதான் இருக்கும். ராத்திரி பகல் எல்லாம் உன் பக்கமே பாத்துக்கிட்டிருக்கும், உன்னைத் தெரியாம. அது உனக்குப் பரவாயில்லையா?"

மழை வலுத்தது. அவன் ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை.

"என்ன?"

"உன்னை அப்படிப் பாக்க முடியாதுன்னு சொன்னேன்" என்று கத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூடினா நீ போயிடுவேன்னு தோணுது. பைத்தியக்காரப் பேச்சுதான், எனக்கே தெரியுது. ஆனா கையை வெச்சா எங்க அப்பா மூஞ்சிதான் வருது. அந்த ஜில்லு."

"நான் ஜில்லுன்னு இல்ல. தொட்டுப் பாரு."

அவன் தொடவில்லை. வாசலுக்குப் போய் மழைநீர் விழும் இடத்தில் கையை நீட்டிக் கழுவினான். சோப்பை எடுத்து வந்து மறுபடி கழுவினான். அடுப்படிக்குப் போய்க் கைகளை நெருப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டான். கினிப்பன்றிகள் அவன் காலடியில் கீச்சிட்டு ஓடின. திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"படு."

அவள் படுத்தாள்.

"எதையாவது பேசிக்கிட்டே இரு. வாயை நிறுத்தாதே."

"நீ பேசு. நான் எவ்வளவு நாள்தான் பேசறது?"

"எனக்கு என்ன தெரியும் பேச? அக்காவுக்காவது ஒரு மந்திரம் தெரிஞ்சுது."

"உனக்கு எது தெரியுமோ அதைச் சொல்லு."

சொட்டு மருந்து இரண்டு கண்ணிலும் விழுந்தது. களிம்பு நீளமாக விழுந்தது. பிறகு கட்டைவிரல் வந்தது. முரடாக இருந்தது, சூடாக இருந்தது. வலது இமையின்மேல் நின்று தயங்கியது. அவன் தொண்டையைச் செருமினான்.

"முதல்ல செசிலியோ வீடு" என்றான். "நாலு மாடு. ஒரு கேன் ரொம்பும், கொஞ்சம் தண்ணியும் கலப்பான், நானும் கேக்கறதில்ல."

இமை இறங்கியது. பிளாஸ்திரி ஒட்டியது.

"அப்புறம் ஃபரினாங்கோ விதவை. அவ மாடு நொண்டி. அவளும் நொண்டி. ரெண்டு பேரும் கேட் பக்கத்துல எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. என்னடா லேட்டுன்னு ரெண்டும் ஒரே மாதிரி பாக்கும்."

எர்மெலிந்தா சிரித்தாள். "ஆடாதே" என்றான். இடது இமை வலித்தது. அவன் விடவில்லை. இழுத்துப் பிடித்து, விரலுக்கு அடியில் அது துடிப்பது அடங்கும்வரை காத்திருந்து, ஒட்டினான்.

"சொல்லு" என்றாள் அவள். "அப்புறம்?"

"அப்புறம் ஓடை. ஓடைக்கு அந்தப்பக்கம் இம்பாகிங்கோ சகோதரனுங்க. ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. பாலைத் தனித்தனியா ஊத்துவானுங்க. ஒரே மாட்டுப் பாலு."

மழை எங்கோ தொலைவில் பெய்தது. வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பாதை தெரியவில்லை, மலை தெரியவில்லை, எதுவுமே தெரியவில்லை. இருட்டு எல்லாப் பக்கமும் நிறைந்து, சூடான பால்போல ததும்பியது. முன்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. மேட்டு வீட்டு நாய் செத்துவிட்டது. கடைசி வளைவில் ஒரு வீடு, அங்கே பால் கிடையாது, ஆனால் கிழவர் ஒருவர் கையசைப்பார், அதனால் நிறுத்துவேன். அதற்குமேல் புல்வெளிதான். அதற்குமேல் வண்டி போகாது.

குரல் நின்றது.

"மெலி?"

அவள் பதில் சொல்ல நினைத்தாள். வாய் வெகுதூரத்தில் இருந்தது.

"மெலி. தூங்கிட்டியா?"

அவள் மூக்கின் கீழே ஒரு கை வந்து நின்றது. அதில் சோப்பும் புகையும் பாலும் மணத்தன. அது அசையாமல் நின்றது. அவள் மூச்சு வெளியே போய் அந்த உள்ளங்கையில் பட்டுத் தனக்கே சூடாகத் திரும்பியது. இன்னொரு முறை போய்த் திரும்பியது. கை அப்படியே இருந்தது.

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. அவன் அவள் பக்கத்தில், விளிம்பில், செருப்பைக் கழற்றாமலே படுத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

"செசிலியோ வீடு. நாலு மாடு."